பேண்டம் ஜீப் டிரெய்லர்: பதினாலு வருஷம் இழுத்தவள் சொல்கிறேன்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு உரக்கடைக்குள் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பையன் என் டிரெய்லருக்கு அடியில் தலையை விட்டபடி குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். "என்ன கண்ணு, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்றேன். பதறி எழுந்தான். கொட்டச்சேடு பக்கம் நாலு ஏக்கர் காபித் தோட்டம் வாங்கியிருக்கிறானாம். இதே மாதிரி மிலிட்டரி டிரெய்லர் ஒன்று ஓசூரில் விலைக்கு வருகிறதாம், எண்பதாயிரம் சொல்கிறார்களாம். "வாங்கலாமாக்கா?"

ரோட்டில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா இது? பாதி சொல்வதற்குள் பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவனுக்காகவும், இந்தச் சாமானைப் பழைய இரும்புக் கடையில் எங்கேயாவது பார்த்து ஆசைப்படுகிற மற்றவர்களுக்காகவும்.

பார்ப்பதற்கு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்கு இரண்டு சக்கரம் வைத்த மாதிரிதான் இருக்கும். எங்கள் வீட்டில் அதன் பெயரே 'தொட்டி'தான். ஏறக்குறைய ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஒன்றரை அடி ஆழம். நாலு பக்கமும் தகடு, பின்பக்கம் திறக்கிற கதவு கிடையாது. விளிம்பைச் சுற்றித் தார்ப்பாய் கட்டுவதற்குக் கொக்கிகள். முன்னால், ஜீப்பின் கொக்கியில் மாட்டுகிற இரும்பு வளையம். அதற்குக் கீழே மடக்கி வைக்கிற ஒற்றைக் கால், பக்கத்திலேயே ஹேண்ட் பிரேக். வெறும் வண்டி சுமார் 250 கிலோ. மிலிட்டரி வைத்த கணக்கில் மேடு பள்ளத்தில் 500 பவுண்டு ஏற்றலாம், அதாவது சுமார் 227 கிலோ. நல்ல ரோட்டில் அதைப்போல இரண்டு மடங்கு. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது.

தரையில் இரண்டு ஓட்டை, இரண்டுக்கும் பிளக். இதுதான் இந்தச் சாமானின் விசேஷம். பிளக்கை முறுக்கி மூடிவிட்டால் தொட்டிக்குள் தண்ணீர் புகாது, ஆற்றில் தள்ளினால் படகு மாதிரி மிதக்கும். சாமானோடு ஆற்றைக் கடக்க வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். கரையேறிய பிறகு பிளக்கைத் திறந்துவிட்டால் உள்ளே தெறித்த தண்ணீர் வடிந்துவிடும். "ஏற்காடு ஏரியில விட்டுப் பார்க்கலாமா அத்தை?" என்று என் தம்பி மகன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பான். படகுத்துறைக்காரர்கள் துடுப்பாலேயே அடிப்பார்கள் என்பதால் இதுவரை விடவில்லை.

சரி, இது என் கைக்கு எப்படி வந்தது?

அப்பா இங்கே ஒரு பெரிய எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். 1962-ல் சேர்ந்து 34 வருஷம் ஓட்டினார். எஸ்டேட் பெயர் வேண்டாம். அவர் சேர்வதற்கு முன்னாலேயே அங்கே டிஸ்போசலில் எடுத்த வில்லிஸ் ஜீப் ஒன்றும், கூடவே இந்தத் தொட்டியும் இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் பட்டாளம் இந்தியாவில் விட்டுவிட்டுப் போன வண்டிகள் ஏலத்தில் வந்தபோது வாங்கியதாம். அந்த ஜீப்பை அப்பா எஸ்டேட் வண்டி என்று நினைக்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சோப்பைக் கொண்டுபோய்க் கழுவுவார். "ரிட்டயர் ஆகும்போது ஜீப்பை உனக்கே தந்துடறேன்" என்று பழைய முதலாளி வாயால் சொன்னதாகச் சொல்வார். 1996-ல் அவர் ஓய்வு பெற்றபோது எஸ்டேட் கைமாறிவிட்டது. ஜீப்பைப் பெங்களூர்க்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். மூன்று மாசச் சம்பள பாக்கிக்குப் பதிலாக அப்பாவுக்குத் தொட்டியைக் கொடுத்தார்கள். இழுக்க ஜீப் இல்லாத ஆளுக்கு டிரெய்லர்! ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பலாமரத்தடியில் நிறுத்தினார். கோழிகள் அதில் முட்டையிட்டன. அவர் போகும்வரை அது அங்கேதான் நின்றது.

2011-ல் நான் பழைய மகிந்திரா டீசல் ஜீப் ஒன்றை வாங்கினேன். நாகலூர் பக்கம் எனக்கு இருப்பது ஏழு ஏக்கர். சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் மிளகுக் கொடி, நடுவில் கொஞ்சம் ஆரஞ்சு. பழம் பறிக்கிற இடத்திலிருந்து களத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர், அதுவும் ஜீப் அகலத்துக்கு வெட்டிய பாதை. தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பது குறைந்துவிட்டதால் டிரெய்லர் இல்லாமல் தீராது என்று ஆகிவிட்டது. அப்போதும் தொட்டி என் கண்ணில் படவில்லை பாருங்கள். சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிப் புதிதாகவே ஒன்று செய்தேன். ஆங்கிள் இரும்பு, கனத்த தகடு, பார்க்க ஜம்மென்று இருந்தது. எடை போட்டால் வெறும் வண்டியே 430 கிலோ! ஜீப்பின் பாதி இழுவை அதைத் தூக்கவே போய்விடும். அதைவிடப் பெரிய கோளாறு, சக்கரங்களுக்கு இடையிலான அகலம். ஜீப் சக்கரம் போன தடத்தில் அது வராது, இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் வெளியே ஓடும். ரோட்டில் தெரியாது. எங்கள் பாதையில் நாலு விரல் என்பது மண் இருக்கிறதா இல்லையா என்கிற வித்தியாசம். இரண்டாவது வாரமே இடது சக்கரம் ஓரத்தைச் சரித்துக்கொண்டு இறங்கிவிட்டது. மூங்கில் புதர் பிடித்திருக்காவிட்டால் ஜீப்பும் போயிருக்கும், நானும் போயிருப்பேன்.

அன்று சாயங்காலம்தான் டேப்பை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனேன். ஜீப்பின் சக்கர அகலத்தை அளந்தேன், தொட்டியை அளந்தேன். இரண்டும் ஒன்று. டயர் சைஸும் ஒன்று, ஆறு பதினாறு. ஜீப் சக்கரத்தைக் கழற்றி இதில் மாட்டலாம், இதைக் கழற்றி ஜீப்பில் மாட்டலாம், இரண்டுக்கும் ஒரே ஸ்டெப்னி போதும். வாய்விட்டுத் திட்டினேன். யாரை என்று கேட்காதீர்கள், அங்கே கோழிகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தம்பி மகன் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். சேலத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. நீலம், அதற்குக் கீழே சாம்பல், அப்புறம் ரெட் ஆக்ஸைடு, அப்புறம் இரண்டு வகைப் பச்சை. முன்பக்கத் தகட்டில் கட்டி தட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டும்போது ஒரு பெயர்ப்பலகை வெளியே வந்தது. "அத்தை, இது வில்லிஸ் இல்ல" என்று கத்தினான். அப்பா ஆயுசு பூராவும் வில்லிஸ் டிரெய்லர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வில்லிஸும் இதே டிரெய்லரைச் செய்தது என்பதால் அவர்மேல் தப்பில்லை. எங்களுடையதில் இருந்தது வேறு: அமெரிக்கன் பேண்டம் கார் கம்பெனி, பட்லர், பென்சில்வேனியா.

கார் கம்பெனியா? தொட்டி செய்கிறவனுக்குக் கார் கம்பெனி என்று ஏன் பெயர்? அன்று ராத்திரி இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகும் நான் விடவில்லை, கிடைத்ததையெல்லாம் படித்தேன். விலை மதிப்புப் போடுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆஸ்டின் 1922-ல் ஆஸ்டின் செவன் என்று ஒரு குட்டிக் காரைக் கொண்டுவந்தார். சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிளில் குடும்பத்தை அடைத்துக்கொண்டு போனவர்களுக்கு வாய்த்த முதல் கார் அதுதான். அங்கே சக்கைப் போடு போட்டது. ஜெர்மனியில், பிரான்சில் உரிமை வாங்கிச் செய்தார்கள். 1929-ல் அமெரிக்காவிலும் அமெரிக்கன் ஆஸ்டின் என்று கம்பெனி தொடங்கி, பட்லர் ஊரில் 1930-ல் வண்டி வெளியே வந்தது. இன்ஜின் 747 சிசி, நம்ம மாருதி 800-ஐ விடச் சின்னது. 13, 14 குதிரைச் சக்தி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 75 அங்குலம்தான். டாடா நானோவிலேயே அது ஏறக்குறைய 88 அங்குலம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உருவம் மட்டும் நானோ மாதிரி இல்லை. பெரிய கார்களுக்குச் செய்கிற மாதிரியே கை தேர்ந்த டிசைனரை வைத்துப் பாடியை வளைத்து, இரட்டை வண்ணம் அடித்து, படத்தில் பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது.

விலை 445 டாலர். கோட்டை விட்டது இங்கேதான். அதே காசுக்கு ஏறக்குறைய முழு அளவு ஃபோர்டு வாங்கலாம். பெட்ரோலும் அங்கே அப்போது மலிவு, ரோடும் அகலம். பாதிக் காரை முழு விலைக்கு எவன் வாங்குவான்? போதாக்குறைக்கு ஊரெங்கும் பஞ்சம், 1929-ல் பங்குச் சந்தை விழுந்த கையோடு கடை திறந்திருக்கிறார்கள். முதல் வருஷம் 8,000-க்கு மேல் போனது, அப்புறம் அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை. 1934 வரைக்கும் எல்லாமாகச் சேர்த்து சுமார் 20,000. சினிமாக்காரர்கள் வாங்கினார்கள், லாரல்-ஹார்டி படத்தில் குண்டு ஆளைத் திணித்துக் காமெடி செய்தார்கள். ஒரு வண்டியைப் பார்த்து நாலு பேர் சிரிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதை விற்க முடியாது. நானோவுக்கும் அதுதானே நடந்தது? 'ஒரு லட்சம் ரூபாய்க் கார்' என்று வாயால் சொன்னார்கள், அந்தப் பெயரே அதை முடித்துவிட்டது. நம்ம ஊரில் மலிவு என்பதற்காக வேண்டாம் என்றார்கள், அங்கே மலிவாகவும் இல்லை என்பதற்காக வேண்டாம் என்றார்கள்.

கம்பெனி திவாலானது. ராய் எவன்ஸ் என்ற கார் வியாபாரி அதை எடுத்து, பெயரைப் பேண்டம் என்று மாற்றினார். பேண்டம் என்றால் குட்டைச் சேவல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய சேவலோடு சண்டைக்குப் போகுமே, அந்த ஜாதி. காரின் மூக்கில் ஒரு சேவல் பொம்மையும் வைத்தார்கள். பதினைந்து வருஷம் என் வீட்டுக் கோழிகள் இதில் முட்டையிட்டது சும்மா இல்லை என்று தம்பி மகன் சொன்னான். இன்ஜினை மாற்றினார்கள், பாடியை மாற்றினார்கள், அப்போதும் சில ஆயிரம் வண்டிதான் போனது. 1940 வாக்கில் கதவைச் சாத்துகிற நிலைமை.

அந்த வருஷம் ஜூலையில் அமெரிக்க மிலிட்டரி ஒரு டெண்டர் விட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற, எடை குறைந்த சின்ன வண்டி வேண்டும், முதல் வண்டி 49 நாளில் வந்தாக வேண்டும். 135 கம்பெனிகளுக்கு எழுதினார்கள். பதில் போட்டவை இரண்டே இரண்டு, ஒன்று வில்லிஸ், இன்னொன்று பேண்டம். 49 நாளில் தருகிறேன் என்று துணிந்து சொன்னது பேண்டம் மட்டும். அவர்களிடம் அப்போது வரைபடம் போட ஆளே இல்லை. டெட்ராய்டிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்பவரைக் கூப்பிட்டார்கள், அவர் இரண்டே நாளில் முழு வண்டியையும் தாளில் இறக்கிவிட்டார். செப்டம்பர் 23-ம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் மேரிலாந்து மாநிலத்தில் ஹோலபேர்டு முகாமில் வண்டி நிற்க வேண்டும். ஏற்றிக்கொண்டு போக நேரமில்லாமல் ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போய், அரை மணி நேரம் மிச்சம் வைத்துச் சேர்த்தார்கள். உலகத்தின் முதல் ஜீப் அதுதான். இன்றைக்கு ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகிற ஒவ்வொரு ஜீப்புக்கும் பாட்டன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. இவ்வளவு சின்னக் கம்பெனியால் வேண்டிய எண்ணிக்கையில் செய்ய முடியாது என்று மிலிட்டரிக்குச் சந்தேகம். பேண்டத்தின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேரையும் ஆளுக்கு 1,500 வண்டி செய்யச் சொன்னார்கள். கடைசியில் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது, ஃபோர்டும் சேர்ந்துகொண்டது, இரண்டு பேரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பேண்டம் செய்த ஜீப் மொத்தமே 2,700-க்கும் குறைவு, பெரும்பாலும் பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் போய்விட்டன. ஆறுதல் பரிசாக அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஜீப் இழுத்துக்கொண்டு போகிற டிரெய்லர். 70,000-க்கு மேல் செய்தார்களாம். கார் செய்வதையே விட்டுவிட்டார்கள். 1956-ல் இன்னொரு கம்பெனி வாங்கிப்போட்டது, பெயரும் போனது.

ஜீப் வேறு ஆளுக்கு, டிரெய்லர் இவனுக்கு. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறொன்றும் சொல்வதற்கில்லை, சாமானுக்கு வருகிறேன்.

ஓட்டும்போது எப்படி இருக்கிறது? காலியாக இருந்தால் பின்னால் ஒன்று வருவதே மறந்துவிடும். எங்கள் பாதையில் ஒரு ஓடைத் திருப்பம் உண்டு, இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம், நடுவில் ஜீப்புக்கு அரை அடி மிச்சம். ஜீப் திரும்பிய அதே தடத்தில் தொட்டி சொல்லிவைத்த மாதிரி வரும். உயரமும் குறைவு என்பதால் காபிக் கிளையை ஒடிக்காது.

பின்னுக்கு எடுப்பதுதான் கஷ்டம். நீள டிரெய்லர் மெதுவாகத் திரும்பும், யோசிக்க நேரம் கொடுக்கும். குட்டி டிரெய்லர் கண் சிமிட்டுவதற்குள் மடங்கி ஜீப்பின் பின்பக்கத்தை இடிக்கும். அப்பா சொல்லிக் கொடுத்தது இது: ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து, ஒரு விரல்கடை போதும். பதினைந்து வயசில் எஸ்டேட் களத்தில் தேங்காய் மட்டையை வரிசையாக நட்டுவைத்து அவர் பழக்கியது, இன்றைக்கும் கை மறக்கவில்லை. எங்கள் மேஸ்திரிக்கு இது வரவே வராது, கழற்றிக் கையால் தள்ளிக்கொண்டு போவார். கழற்றித் தள்ளிக்கொண்டு போகலாம் என்பதுகூட ஒரு வசதிதான், காலியாக இருந்தால் இரண்டு ஆள் போதும்.

இப்போது குறைகள். முதல் குறை உயிர் சம்பந்தப்பட்டது. ஓடும்போது இதற்குப் பிரேக் கிடையாது. அந்த ஹேண்ட் பிரேக் நிறுத்தி வைக்க மட்டும். சுமையோடு இறங்கும்போது யாரோ தோளில் கை வைத்து முன்னுக்குத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஜீப்பை மெதுவாக, இழுவை கூடப் போக வைக்கிற லோ ரேஞ்சில் போட்டு, முதல் கியரிலோ இரண்டாவதிலோ இன்ஜினே பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும், பாதி வழியில் கியர் மாற்றவே கூடாது. சேலத்திலிருந்து மேலே வருகிற 20 கொண்டை ஊசி வளைவிலும் சுமையோடு இதை இறக்கிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் நண்பர் இல்லை. நான் தோட்டத்துப் பாதைக்கும் ஊருக்குள் உர மூட்டைக்கும் தவிர வேறெதற்கும் எடுப்பதில்லை. சேஃப்டி செயினையும் மாட்டாமல் நகர்த்த மாட்டேன்.

அடுத்தது பின்கதவு இல்லாதது. ஒவ்வொரு மூட்டையையும் விளிம்புக்கு மேலே தூக்கித்தான் போட வேண்டும், தூக்கித்தான் எடுக்க வேண்டும். ஈரப் பழ மூட்டை ஐம்பது கிலோ. சாயங்காலத்துக்குள் இடுப்பு கேட்கும். பின்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்துவிடலாம் என்று சேலத்தில் மூன்று பேர் சொன்னார்கள். செய்யாதீர்கள். அந்தத் தொட்டியின் பலமே நாலு பக்கமும் ஒன்றாக நிற்பதில்தான் இருக்கிறது, வெட்டினால் ஆறு மாசத்தில் தரை தொங்கும். நான் களத்தில் மண்ணைக் கொட்டி ஒரு மேடை கட்டிவிட்டேன், விளிம்பு உயரத்துக்கு. மூட்டையை இழுத்தால் மேடைக்கு வந்துவிடுகிறது.

அந்த எடைக் கணக்கை மீறிய கதைக்கு வருகிறேன். 2013 ஜனவரி, பழம் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டது, மறுநாள் ஆள் வராது. ஒன்பது மூட்டை ஏற்றினேன். 450 கிலோ. ஓடைத் திருப்பத்துக்கு வந்ததும் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இடது ஸ்பிரிங்கின் மெயின் பட்டை இரண்டாக முறிந்து, தொட்டி சாய்ந்து, பழம் ஓடைக்குள் உருண்டது. பொழுது சாய்ந்த பிறகு டார்ச் வைத்துப் பொறுக்கினோம், மூன்று மூட்டை தேறவில்லை. எழுபது வயசு ஸ்பிரிங்கைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முறிந்த பட்டையைக் கொண்டலாம்பட்டி பக்கம் லாரி ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். "நல்ல எஃகும்மா, ஒடிச்சது நீங்கதான்" என்றார். புதுப் பட்டை ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, பழைய வளைவை அட்டையில் வரைந்து வைத்து அதற்குச் சரியாக அடித்து, எண்ணெயில் முக்கிக் கொடுத்தார். கூடுதலாக இரண்டு பட்டை வைக்கட்டுமா என்று கேட்டார், நானும் பேராசையில் தலையாட்டிவிட்டேன். அது தப்பு. சுமை இருந்தால் சரி, காலியாகப் போனால் தவளை மாதிரி குதித்தது. குதித்துக் குதித்து வளையமும் கொக்கியும் ஒன்றையொன்று தின்றன. மறுபடி அந்த இரண்டு பட்டையைக் கழற்றியதும்தான் பழைய நடை வந்தது. இந்த வண்டிக்கு எவ்வளவு பட்டை வேண்டும் என்று பட்லரில் ஒருத்தர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார், நாம் கூட்ட வேண்டியதில்லை.

வீல் பேரிங் விஷயத்தில் எல்லாரும் அந்த ஸ்பிரிங்காரர் மாதிரி இல்லை. சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் ஹப்பை, அதாவது பேரிங் உட்காருகிற சக்கரத்தின் நடுக்குடத்தை, கொடுத்தேன். கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, கடைந்து புஷ் அடித்துத் தருகிறேன் என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்து மாட்டினால் சக்கரம் குடிகாரன் நடக்கிற மாதிரி ஆடியது. திருப்பிக் கொண்டுபோனால் "பழைய மாடலும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று பதில். வேறு இடத்தில் அளந்து பார்த்ததில் மையம் விலகிக் கடைந்திருந்தது தெரிந்தது. நாலாயிரம் ரூபாய் போனது, அறுவடையில் பத்து நாளும் போனது. ஹப்பை வேலைக்குக் கொடுத்தால், வாங்குவதற்கு முன்னால் பேரிங்கை உங்கள் கண் முன்னால் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். காசைப் பிறகு எண்ணுங்கள்.

மழைக்காலக் குறையும் ஒன்று உண்டு, அது என் மறதியின் குறை. தண்ணீர் புகாத தொட்டி என்றால் தண்ணீர் வெளியேயும் போகாது. ஒரு ஐப்பசியில் பிளக்கை மூடியபடியே கொட்டகை ஓரம் நிறுத்திவிட்டுத் திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். பத்து நாள் அடைமழை, கூரைத் தண்ணீரும் நேராக அதற்குள் விழுந்திருக்கிறது. வந்து பார்த்தால் அரைத் தொட்டிக்கு மேல் தண்ணீர், அதாவது அரை டன்னுக்கு மேல். முன்கால் வளைந்து, தொட்டி மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே பலா இலை, இரண்டு தவளை. பிளக்கைத் திறந்துவிட்டால் கால் மணி நேரம் மாட்டு மூத்திரம் மாதிரி பாய்ந்தது. தவளைகளுக்கு வருத்தம்தான்.

இந்த ஒழுகாத குணத்தால் லாபமும் உண்டு. காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷினில் போட்டபின் வருகிற பழத்தோலை அப்படியே வழித்து ஏற்றிக் குப்பைக் குழிக்குக் கொண்டுபோகலாம், வழியெல்லாம் சாறு வடியாது. போன கோடையில் கிணறு வற்றியபோது கால் தொட்டிக்கும் குறைவாகத் தண்ணீர் நிரப்பி நாற்றுக்கு இழுத்தேன். அதற்கு மேல் நிரப்பாதீர்கள், எடைக் கணக்கு மீறிவிடும், திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் அடித்தால் வண்டியைக் கவிழ்க்கும்.

உதிரிக்கு அலைய வேண்டுமா என்றால், நான் பயந்த அளவுக்கு இல்லை. டயரும் சக்கரமும் ஜீப்பினுடையதே. பேரிங் நம்பரை எழுதிக்கொண்டு போனால் சேலத்தில் எடுத்துவிடலாம். ஷாக் அப்சார்பர் அப்பா காலத்திலேயே கழன்று போனது, நான் மாட்டவில்லை, எங்கள் வேகத்துக்குத் தேவையும் இல்லை. விளக்குகள் ஆறு வோல்ட், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு வோல்ட் விளக்கு வைத்துக்கொண்டேன். தரைத் தகடு ஒரு மூலையில் துருவேறியிருந்ததால் டிங்கரிங்காரர் கையகலம் வெட்டி ஒட்டினார்.

ஓசூர்க்காரர் சொல்கிற எண்பதாயிரம் என்ன விலை என்று பார்ப்போம். தரை நன்றாக இருந்து, இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே உயரத்தில் நின்று, பெயர்ப்பலகையும் இருந்தால் நான் அறுபது கொடுப்பேன். கதவு வைக்க வெட்டியிருந்தால் இரும்பு விலைக்குக் கேள், இல்லாவிட்டால் நடையைக் கட்டு. உன்னிடம் இருப்பது ஜீப் இல்லை, பிக்கப் வண்டிதான் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், தடமும் சேராது, கொக்கி உயரமும் சேராது. இருபது மூட்டை ஒரே நடையில் போக வேண்டும் என்றாலும் இது உனக்கில்லை. நாலைந்து மூட்டை, குறுகலான பாதை, பொறுமையான ஆள் என்றால் தாராளமாக வாங்கு. மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு போடுவேன். பிரேக் இல்லாததற்கு ஒன்று குறைத்திருக்கிறேன், கதவு இல்லாததற்குக் குறைக்கவில்லை.

ஒரு பெங்களூர்க்காரர், பழைய ஜீப் சேர்க்கிறவர், போன வருஷம் வந்து பார்த்துவிட்டு ஒன்றரை லட்சம் தருகிறேன் என்றார். அப்பா ஓட்டிய ஜீப்பும் பெங்களூருக்குத்தானே போனது, அது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்னொன்று தம்பி, வாங்கப் போகும்போது முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அந்த இரண்டு பிளக்கைத்தான். பெரும்பாலும் ஒன்றாவது தொலைந்திருக்கும், அதைச் சொல்லியே விலையில் ரெண்டாயிரம் குறைக்கலாம். எங்களுடையதில் முன்பிளக் மட்டும்தான் அசல். பின்னால் இருப்பது செவ்வாய்ப்பேட்டையில் பைப் சாமான் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, மரை கொஞ்சம் அராவி, நூல் சுற்றி அடித்தது. இதுவரை ஒழுகவில்லை.